‘உள்ளேன் டீச்சர்’னு சொன்ன பிள்ளை நடுவுல பத்து செகண்டு காணாம போகுதா? கண்டுபிடிக்கிறது இப்படித்தான்

எங்க அக்கா பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு. கொடைக்கானல் பக்கத்துல பூம்பாறையில அக்கா வீட்டு திண்ணையில உக்காந்து பூண்டு கட்டு போட்டுக்கிட்டு இருந்தோம், அவ எண்ணி எண்ணி எடுத்துக் குடுப்பா, நான் தாளை சேத்து கட்டணும். இருபத்தி ஒண்ணு, இருபத்தி ரெண்டு, இருபத்தி… அப்படியே நின்னுருச்சு. கையில பூண்டு இருக்கு, கை நீட்டுன மாதிரியே இருக்கு, கண்ணு லேசா மேல போயி இமை மட்டும் படபடபடன்னு அடிக்குது. ‘என்னாத்தா தூக்கமா?’ன்னு கேக்குறேன், பதில் இல்ல. நான் எந்திரிக்கிறதுக்குள்ள ‘மூணு’ன்னு சொல்லி பூண்ட எங்கையில வச்சுட்டு அடுத்தத எடுக்கப் போயிட்டா. நான் கேட்டது அவ காதுல விழவே இல்ல. ‘எப்ப சித்தி கேட்டீங்க?’ன்னு என்னையவே திருப்பி கேக்குறா.

அக்கா கண்டுக்கவே இல்ல, ‘அவ எப்பவும் அப்படித்தாண்டி, பராக்கு பாத்துக்கிட்டே நிப்பா’ன்னுட்டா. ஸ்கூல்லயும் அதே பேருதான், கனவு காணுறவன்னு. நாலஞ்சு மாசம் இப்படியே போயிருச்சு, கடைசியா மதுரைக்கு கூட்டிட்டுப் போனப்பதான் இது ஆப்சென்ஸ் சீஷர்னு தெரிஞ்சது. வலிப்பு குடும்பத்துல ஒண்ணு, ஆனா கை கால் இழுக்காது, நுரை தள்ளாது, பிள்ளை கீழயும் விழாது. அதனாலதான் யாரு கண்ணுக்கும் படமாட்டேங்குது. நான் டாக்டர் இல்ல, கொடைக்கானல்ல டியூஷன் எடுக்குறவ, ஆனா இந்த ரெண்டு வருசத்துல பாத்தது, டாக்டருங்ககிட்ட நச்சரிச்சு கேட்டுக்கிட்டது எல்லாத்தையும் எழுதுறேன், மலையில இருக்குறவங்களுக்காவது உதவட்டும்.

மொதல்ல வயசு. பெரும்பாலும் 4 வயசுலருந்து 10 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், அதுலயும் ஒண்ணாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸ் படிக்கிற வயசுலதான் அதிகம் பிடிபடும், ஆம்பளப் பிள்ளைகளை விட பொம்பளப் பிள்ளைகளுக்கு கொஞ்சம் கூடுதல். பத்து வயசுக்கு மேல ஆரம்பிக்கிற வகையும் இருக்கு, அது அடிக்கடி வராது, ஆனா கை கால் இழுக்கிற பெரிய பிட்ஸும் சேந்து வர வாய்ப்பு ஜாஸ்தி. ஒவ்வொரு தடவையும் 5 செகண்டுலருந்து 15 செகண்டு, 20 தாண்டுறது கம்மி. ஒரு நாளைக்கு பத்து தடவையும் வரலாம், மருந்து இல்லாம விட்டா நூறு தடவையும் வரலாம். கணக்கு போட்டு பாருங்க, பத்து செகண்டு வீதம் நூறு தடவைன்னா ஒரு நாள்ல பதினாறு நிமிசத்துக்கும் மேல அந்தப் பிள்ளைக்கு உலகமே கிடையாது, அதுவும் சேந்தாப்புல இல்ல, வாய்ப்பாடு நடுவுல ஒரு துண்டு, டீச்சர் சொல்ற கணக்கு நடுவுல ஒரு துண்டுன்னு பிச்சுப் பிச்சு.

சரி, பராக்கு பாக்குறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், அதுதான் எல்லாரும் கேக்குறது. பராக்கு பாக்குற பிள்ளை போரடிக்கிறப்பதான் பாக்கும், மெதுவா அதுல போயி விழும், தோள்ல கை வச்சா திரும்பிரும், இல்ல ‘மிட்டாய் வேணுமா’ன்னா டக்குன்னு முழிச்சுக்கும். ஆப்சென்ஸ் அப்படி இல்ல. கரண்டு போற மாதிரி திடீர்னு போகும், திடீர்னு வரும். பிடிச்ச விளையாட்டு நடுவுல வரும், சோத்த வாயில வச்சிருக்கப்ப வரும், பேசிக்கிட்டு இருக்க வார்த்தையோட பாதியில வரும். தொட்டாலும் கூப்பிட்டாலும் மிட்டாய் காட்டுனாலும் கலையாது, அதுவா முடிஞ்சாதான் உண்டு. முடிஞ்ச பிறகு அசதி, தலவலி, குழப்பம் எதுவும் இருக்காது, விட்ட இடத்துலருந்து வேலைய பாக்கும். வர்றதுக்கு முன்னாடியும் ‘ஒரு மாதிரி இருக்கு’ன்னு எந்தப் பிள்ளையும் சொல்லாது.

அந்த நேரத்துல மொகத்தை உத்துப் பாக்கணும். கண்ணு வெறிச்சுப் போயிருக்கும், இமை துடிக்கும், சில பிள்ளை உதட்டை சப்புக் கொட்டும், எதையோ மெல்லுற மாதிரி வாய் அசைக்கும், கை சட்டை பட்டனை நோண்டும். எங்க பாப்பா பாவாடை ஓரத்தை திருகுவா. தலை லேசா தொங்கலாம், கையில இருக்கது நழுவலாம், ஆனா நின்னுக்கிட்டு இருந்தா பெரும்பாலும் நின்னபடியே இருக்கும்.

டாக்டர் சொல்லிக் குடுத்த ஒரு டெஸ்ட் எனக்கு ரொம்ப பிடிச்சது. அந்த மாதிரி நிக்கிறப்ப காதுகிட்ட போயி தெளிவா ஒரு வார்த்தை சொல்லணும், பாப்பாவுக்கு நான் ‘கேரட்டு’ன்னு சொன்னேன். முடிஞ்சதும் சாதாரணமா ‘இப்ப நான் என்ன சொன்னேன்?’னு கேக்கணும். பராக்கு பாத்த பிள்ளை யோசிச்சாவது சொல்லிரும். இந்தப் பிள்ளைக்கு நீங்க பேசுனதே தெரியாது. மூணு நாள்ல நாலு தடவை சொன்னேன், நாலும் அவளுக்கு தெரியல. இத பரீட்சை மாதிரி மிரட்டி கேக்காதீங்க, பிள்ளை பயந்து எதையாவது உளறும், அப்புறம் உங்களுக்கே எது நிஜம்னு குழம்பிரும்.

இன்னொரு இடம் நோட்டு. ‘சொல்வதை எழுதுதல்’ நோட்டை எடுத்துப் பாருங்க, உண்மையிலயே அந்த நோட்டைப் பாத்துதான் எனக்கு வயித்துல புளி கரைச்சது. ‘அம்மா காலையில் எழுந்து கோலம் போட்டார்’னு டீச்சர் சொல்லிருக்காங்க, இவ நோட்டுல ‘அம்மா காலையி’ அப்புறம் பென்சில் கோடு ஒண்ணு வரிய விட்டு கீழ இறங்கிப் போயிருக்கு, அப்புறம் ‘போட்டார்’. தெரியாத வார்த்தைய பிள்ளைங்க தப்பா எழுதும், இல்ல இடம் விட்டு ஒரு கோடு போடும், இப்படி நடு எழுத்துல கோடு இழுக்காது. அந்தப் பக்கத்துல மட்டும் மூணு இடம். டீச்சர் ‘கவனம் தேவை’ன்னு சிவப்பு மையில எழுதி வச்சிருக்காங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது, நானும் டியூஷன்ல எத்தனை பிள்ளைய இப்படி அதட்டியிருப்பேனோ. சேட்டை பண்ற பையன்னா யாராவது கவனிப்பாங்க, அமைதியா பின் பெஞ்சுல உக்காந்திருக்க பொம்பளப் பிள்ளையோட பத்து செகண்டை யாரு பாக்குறா?

அடுத்து செல்போன். வீடியோ எடுங்க. டாக்டர்கிட்ட வாயால எவ்வளவு சொன்னாலும் 12 செகண்டு வீடியோவுக்கு ஈடாகாது, அதுவும் அங்க போன அன்னைக்குன்னு பாத்து பிள்ளை நல்லா ஜம்முனு உக்காந்திருக்கும். எப்ப வரும்னு தெரியாததால பிள்ளை சாப்பிடுறப்ப, வீட்டுப்பாடம் எழுதுறப்ப போனை ஒரு சொம்புல சாச்சு வச்சு பத்து பதினஞ்சு நிமிசம் ஓட விடுங்க. மொகமும் ரெண்டு கையும் தெரியணும், வெளிச்சம் வேணும், நம்ம ஊரு மூட்டத்துல வீட்டுக்குள்ள ஒண்ணும் தெரியாது, ஜன்னல் பக்கமா உக்கார வைங்க. வர்றப்ப பேர் சொல்லி கூப்பிடுங்க, தோளைத் தொடுங்க, அதுவும் வீடியோவுல பதியணும். கத்தி அழுது உலுக்காதீங்க. அப்புறம் காலண்டர்ல தேதிக்கு நேரா எத்தனை தடவைன்னு கோடு போட்டு வைங்க, காலையில எந்திரிச்ச உடனேயா, தூக்கம் கெட்ட மறுநாளா, காய்ச்சல் நேரமான்னு சின்னதா ஒரு குறிப்பு.

ஊதாங்குழல் கதைய இங்க சொல்லணும். அக்கா வீட்டுல வெந்நீர் அடுப்பு விறகுதான், பாப்பாவுக்கு அத ஊதுறதுன்னா இஷ்டம். ஊதுன்னா ஊதிக்கிட்டே இருப்பா, அப்படி ஊதுறப்பதான் ரொம்ப தடவை நின்னு போயிருக்கா, அக்கா அப்புறமா யோசிச்சு சொன்னா. டாக்டர்கிட்ட இத சொன்னதும் அவரு சிரிச்சுட்டு ஒரு காகிதக் காத்தாடிய எடுத்து அவகிட்ட குடுத்து விடாம ஊதச் சொன்னாரு. ரெண்டு நிமிசம் கூட ஆகல, காத்தாடி நின்னுச்சு, அவளும் நின்னுட்டா, இமை படபடன்னு. எங்க கண்ணு முன்னாடியே. வேகமா மூச்ச இழுத்து இழுத்து விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், அது இந்த வகை சீஷரை கிளப்பி விட்டுரும், அதனால டாக்டருங்க இத ஒரு டெஸ்ட்டாவே வச்சிருக்காங்க, ரெண்டு மூணு நிமிசம் ஊத விடுவாங்க. மேடு ஏறுறப்ப மூச்சு வாங்குறது வேற கணக்கு, அங்க உடம்புக்கு தேவைப்பட்டு வாங்குது, அதனால பிள்ளைய நடக்கவே விடாம தூக்கிக்கிட்டு திரியாதீங்க. ஆனா தெரிஞ்சுக்கிட்டோம்னு நீங்களா வீட்டுல பலூன் குடுத்து டெஸ்ட் பண்ணாதீங்க. ஆஸ்துமா, இருதயக் கோளாறு இருக்க பிள்ளைக்கு ஆகாது, சிக்கிள் செல்னு பரம்பரையா வர்ற ரத்த நோய் இருந்தா ஆகவே ஆகாது, நீலகிரியில கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள்ல அது இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஆப்சென்ஸ் மாதிரியே இருக்கும், ஆனா வேறயா இருக்கலாங்கறதையும் சொல்லிர்றேன். வெறிச்சுப் பாக்குறது அரை நிமிசம், ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம்னு நீளுது, முடிஞ்ச பிறகு பிள்ளை பேந்த பேந்த முழிக்குது, தூங்கிப் போகுதுன்னா அது மூளையில ஒரு பக்கத்துல மட்டும் ஆரம்பிக்கிற வேற வகை சீஷரா இருக்கலாம், அதுக்கு மருந்தே வேற. நாலு வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாலும், வளர்ச்சி பின்தங்கியிருந்தாலும் அதை தனியா டாக்டர்கிட்ட சொல்லணும். வெறிச்சபடியே நிமிசக்கணக்கா போயி பிள்ளை தெளியவே இல்ல, ஒண்ணு மேல ஒண்ணா வந்துக்கிட்டே இருக்குன்னா காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி. கை கால் இழுக்கிற பெரிய பிட்ஸ் வந்தா ஒருக்களிச்சு படுக்க வச்சு, வாயில எதையும் திணிக்காம, மணி பாருங்க, 5 நிமிசம் தாண்டப் போகுதுன்னா 108. மலையில வண்டி வர நேரமாகுங்கறதால நான் 5 நிமிசம் வரைக்கும் கூட காத்திருக்க மாட்டேன், போன் போட்டுட்டுதான் மணிய பாப்பேன்.

ஆப்சென்ஸுக்கு முதலுதவின்னு ஒண்ணும் பெருசா இல்ல. பக்கத்துல இருக்கணும், அடுப்போ மேடோ ரோடோ இருந்தா நகத்தணும், முடிஞ்சதும் விட்டுப்போனத திருப்பி சொல்லணும், அவ்வளவுதான். கையில சாவிக்கொத்து குடுக்குறது, வெங்காயத்தை மோக்க வைக்கிறது எதுவும் வேணாம், பத்து செகண்டுல அதுவா முடியுது, நாமதான் சாவி முடிச்சு வச்சுருச்சுன்னு நினைச்சுக்குறோம். எங்க அம்மா மந்திரிச்சு கயிறு கட்டுனாங்க. கட்டட்டும், அதுல எனக்கு சண்டை இல்ல, ஆனா கயிறு கட்டுன நம்பிக்கையில மூணு வாரம் டாக்டர்கிட்ட போகாம இருந்தோம் பாருங்க, அதுக்குத்தான் இன்னும் எனக்கு அம்மா மேல ஒரு வருத்தம்.

டாக்டர்னா யாருகிட்ட? முதல்ல போன இடத்துல பூச்சி மாத்திரையும் சத்து டானிக்கும் குடுத்து அனுப்பிட்டாங்க. வீடியோ அப்ப எங்ககிட்ட இல்ல, அதுவும் ஒரு காரணம். குழந்தைங்க டாக்டர்கிட்ட வீடியோவ காட்டி ‘இது ஆப்சென்ஸ் சீஷரா இருக்குமா, இஇஜி எடுக்கணுமா’ன்னு நீங்களே வாய் விட்டு கேளுங்க, தப்பே இல்ல. கொடைக்கானல் பக்கத்துல இருந்து மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரி, நீலகிரியில இருக்கவங்களுக்கு கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, ரெண்டுலயும் நரம்பியல் பிரிவு இருக்கு. கொடைக்கானல்லருந்து மதுரை கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர், பூம்பாறையிலருந்து அதுக்கு மேல, அதனால நாளும் நேரமும் கேட்டுக்கிட்டு கெளம்புங்க, சும்மா போயி நாளைக்கு வாங்கன்னா ஒரு நாள் கூலி போச்சு.

இஇஜின்னா தலையில ஒயரு ஒட்டி மூளையோட மின்சாரத்தை கோடு கோடா வரையுறது. ஷாக் கிடையாது, வலி கிடையாது, மொட்டையும் அடிக்க மாட்டாங்க, பாப்பா அதுக்குத்தான் ரொம்ப அழுதா. முத நாள் தலைக்கு குளிச்சு எண்ணெய் வைக்காம போகணும், சடை பின்னக் கூடாது, ஒயரு ஒட்டாது. முத நாள் ராத்திரி கம்மியா தூங்க வைங்கன்னு சொல்லலாம், மலையிலருந்து போறவங்களுக்கு அது தானாவே நடந்துரும், மூணு மணிக்கு எழுப்பித்தானே பஸ்ஸு பிடிக்கிறோம். காட் ரோட்டுல வாந்தி வரும்னு நாம வழக்கமா குடுக்குற மாத்திரை இருக்கே, அத டாக்டர்கிட்ட கேக்காம குடுக்காதீங்க, சிலது தூக்கத்தை குடுத்து டெஸ்ட்டையும் கெடுக்கும், சீஷரையும் தூண்டலாம். எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு வத்தலக்குண்டு வரைக்கும் வந்து சேந்தோம்.

அந்த கிராஃபை டாக்டர் எங்களுக்கு காட்டுனாரு. சும்மா குட்டி குட்டியா நெளிஞ்சுக்கிட்டு இருந்த கோடு திடீர்னு ஒரு முள்ளு ஒரு அலை, ஒரு முள்ளு ஒரு அலைன்னு எல்லா கோட்டுலயும் ஒண்ணா எகிறுது, செகண்டுக்கு மூணு. இமை துடிக்கிறதும் அந்த தாளத்துலதான். 1935லயே அமெரிக்காவுல கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸுன்னு மூணு பேரு இத கண்டுபிடிச்சு எழுதிட்டாங்களாம், 90 வருசமாச்சு, எங்க தெருவுக்குத்தான் சேதி வந்து சேரல. இந்த அச்சு அசலான கோடும், அறிகுறியும் பொருந்துனா ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது, கேக்காமலே ஸ்கேன் எடுக்கச் சொன்னா ஏன்னு கேளுங்க.

மருந்து விசயம் டாக்டர் கையில. எத்தோசக்சிமைடு, வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் இந்த மூணுல ஒண்ணுதான் பெரும்பாலும். 2010ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில முதல் ரெண்டும் லாமோட்ரிஜினை விட நல்லா கேட்டுச்சு, அதுலயும் எத்தோசக்சிமைடுல கவனக்குறைவு கம்மின்னு வந்துச்சு. வால்ப்ரோயேட்ல எடை ஏறலாம், முடி கொட்டலாம், ஈரல் டெஸ்ட் பாக்கச் சொல்வாங்க, பொம்பளப் பிள்ளைன்னா பிற்காலத்துல கர்ப்பகாலத்துல கருவை பாதிக்கும்ங்கறதால வயசுக்கு வர்ற நேரத்துல அத மறுபடி பேசியே ஆகணும். ரொம்ப முக்கியம், பக்கத்து வீட்டுல பிட்ஸுக்கு குடுக்குறாங்கன்னு கார்பமாசெபைன், பெனிடாயின் வாங்கி குடுத்துராதீங்க, வேற வகை வலிப்புக்கு அது நல்ல மருந்து, ஆப்சென்ஸை அதிகமாக்கிரும். நல்லாருச்சுன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது, ரெண்டு வருசம் ஒண்ணுமே வராம இருந்தாத்தான் மெதுவா குறைக்கிறத பத்தியே பேச்செடுப்பாங்க. பாதிக்கு மேல பிள்ளைங்களுக்கு பதின்ம வயசுல இது போயிரும், கொஞ்சம் பேருக்கு போகாது, சிலருக்கு பின்னாடி பெரிய பிட்ஸ் வரலாம், அதனால தொடர்ந்து காட்டணும்.

‘பொம்பளப் பிள்ளை, வெளிய சொல்லாதீங்க’ன்னு எங்க வீட்டுலயும் பேச்சு வந்துச்சு. இந்து திருமணச் சட்டத்துல கல்யாணத்துக்கு தடையா எழுதி வச்சிருந்த காக்கா வலிப்புங்கறதையே 1999ல எடுத்துட்டாங்க, ஏழு வயசுப் பிள்ளைக்கு கல்யாணக் கவலைய இப்பவே ஆரம்பிச்சாச்சு நாம. ஸ்கூல்ல சொல்லாம மறைச்சா அடி வாங்குறது யாரு? டீச்சர்கிட்ட அந்த வீடியோவ காட்டுனோம், அவங்க கண்ணு கலங்கிருச்சு. இப்ப முன் பெஞ்சு, விட்டுப்போன வரிய பக்கத்துல இருக்க பிள்ளை நோட்டுல பாத்து எழுதிக்கலாம்னு ஏற்பாடு. மருந்துல சீஷர் நின்ன பிறகும் கவனம் கொஞ்ச நாள் தடுமாறலாம்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு, அதையும் டீச்சர்கிட்ட சொல்லி வச்சோம்.

மருந்து பிடிக்கிற வரைக்கும் சில விசயத்துல கறாரா இருங்க. விறகடுப்பு, வெந்நீர் அண்டா பக்கம் தனியா விடக்கூடாது, ஊதாங்குழல் நம்ம கையிலதான். குளிக்கிறது சொம்புல மோந்து, கதவு தாப்பாள் போடாம. ஏரி, ஓடை, கிணத்துப் பக்கம் பெரியவங்க கூட. படி படியா இருக்க பூண்டு வயல் வரப்புல ஓடுறது, மரம் ஏறுறது, ரோட்டுல சைக்கிள் இதெல்லாம் கொஞ்ச நாளைக்கு தள்ளி வைங்க, மத்தபடி ஆட்டம் பாட்டத்த நிறுத்தாதீங்க.

மழைக்காலத்துக்கு முன்னாடி மாத்திரைய எண்ணி வைங்க. ஐப்பசி கார்த்திகையில காட் ரோட்டுல மண்ணு சரிஞ்சா ரெண்டு நாள் மூணு நாள் வண்டி வராது, ஒரு வேளை மாத்திரை விட்டாலே அடுத்த நாள் பாப்பா ரெண்டு தடவை நின்னா. அதுலருந்து அக்கா எப்பவும் பதினஞ்சு நாள் மாத்திரைய ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல கூடுதலா வச்சிருக்கா, மூடி மேல தேதி எழுதி, ஈரம் ஏறாம அரிசி டப்பா பக்கத்துல, அடுப்புக்கு எட்டத்துல.